மாமியாரின் டேப்லெட்டும் இடப்பக்கம் சுற்றிய கருடனும்

பூகோள டீச்சருக்கு வழி தெரியாது என்பதை அந்த டீச்சரே ஒப்புக்கொள்வது அழகில்லைதான். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயத்தை நான் மறைத்து என்ன ஆகப்போகிறது? தென்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக அட்சரேகை, தீர்க்கரேகை நடத்துகிறேன். ஸ்ரீரங்கத்துக்கு மருமகளாக வந்து இருபது வருஷம் ஆகிறது. இன்னமும் உத்திர வீதி என்று நினைத்துக்கொண்டு சித்திரை வீதியில் நின்று யாரையாவது கேட்பேன். நாலு பக்கமும் வீதி, நாலு பக்கமும் கோபுரம், ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரம் போட்டு வைத்தால் மனுஷிக்குக் குழப்பம் வராதா?

இப்படிப்பட்டவள் நாற்பத்தாறு வயதில் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஆசை வந்தது, போனேன். புதுக்கோட்டை தாண்டி ஒரு பழைய ஓடுதளத்தில், வடக்கிலிருந்து ஒரு கிளைடரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்து சிலர் கோடை முகாம் நடத்தினார்கள். கிளைடருக்கு என்ஜின் கிடையாது. தரையில் நிற்கும் லாரி என்ஜின் ஒன்று கயிற்றைச் சுற்றி இழுக்கும். பட்டம் மாதிரி மேலே போனதும் கயிற்றை விட்டுவிட வேண்டும். அப்புறம் வெயிலில் சூடாகி எழும்பும் காற்றைத் தேடிப் பிடித்து, அதற்குள்ளேயே வட்டமடித்து உயர வேண்டும். காற்று கிடைக்காவிட்டால் இறங்க வேண்டியதுதான்.

"என்ஜின் இல்லாம எப்படிடி போகும்?" என்றார் மாமியார்.

"காத்துல போகும்மா."

"அப்போ பெருமாள் கிருபைன்னு சொல்லு. காத்துன்னு சொல்றியே."

கிளைடரில் வழி காட்டுவதற்கென்றே செய்த கருவியின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் உலகம் பூராவும் பாதிப் பேர் சாதாரண டேப்லெட்டை எடுத்துக் காக்பிட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்கென்று ஒரு செயலி இருக்கிறது. எங்கே இருக்கிறோம், எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் எத்தனை வட்டம் அடித்தோம், எல்லாம் வரைபடத்தில் கோடாக விழும். உயரம் ஏறினால் பீப் பீப் என்று கூவும், இறங்கினால் முனகும். போகக் கூடாத இடத்தைச் சிவப்பில் காட்டும். எங்கள் ஓடுதளத்துக்கு வடக்கே திருச்சி விமான நிலையத்தின் எல்லை அப்படித்தான் சிவப்பாகத் தெரியும். வழி தெரியாத எனக்கு இது வரப்பிரசாதம். ஒரே சிக்கல், வீட்டில் இருந்த ஒரே டேப்லெட் மாமியாருடையது.

அதில்தான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பாசுர வகுப்பு. நாற்பது மாமிகள் வீடியோவில் கூடுவார்கள். மாமியாருக்கு எந்தப் பட்டனை அழுத்துவது என்று பிடிபடாததால், நாலு மணி அடித்ததும் வகுப்பு தானாகவே திறக்கும்படி என் கணவர் செய்து வைத்திருந்தார். அவர் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்காரர். ஒரு வேலை தானாக நடந்தால் அவருக்குப் பரம சந்தோஷம்.

மாமியார் ஒரு நிபந்தனையோடு டேப்லெட்டைத் தந்தார். அவர் கையால் தைத்த, உள்ளே பஞ்சு வைத்த, பட்டு பார்டர் போட்ட உறையை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. அன்றைய வகுப்புக்கு மகனுடைய போனை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். கணவர் அலுமினியத் தகடு வாங்கி வந்து, உறையோடு சேர்த்து அளவெடுத்து ஒரு ஸ்டாண்ட் செய்து கொடுத்தார். முகாமில் எல்லோரும் என் டேப்லெட்டைப் பார்த்து, கல்யாணப் பெண் வந்தாச்சு என்று கிண்டலடித்தார்கள்.

கிண்டலை விடுங்கள். என் உண்மையான வியாதி வேறு. எனக்கு வலப்பக்கம் மட்டும்தான் வட்டமடிக்க வரும்.

இருபது வருஷமாகச் சாயங்காலம் கோயிலை வலம் வருகிறவள் நான். பெருமாள் எப்போதும் வலது கைப்பக்கம். காலுக்குப் பழகியது கைக்கும் பழகிவிட்டது. இடப்பக்கமாகச் சுற்றுவதை நாங்கள் சாவுக் காரியத்தில்தான் பார்த்திருக்கிறோம். மேலே போய் இடது என்றதும் என் கை, கிளைடரைத் திருப்பும் ஸ்டிக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடும்.

என் பயிற்சியாளர் உறையூர்ப் பக்கத்து பாய், பல வருஷம் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகா பொறுமைசாலி. அவரே ஒருநாள் கத்திவிட்டார். "டீச்சரம்மா, ரைட்ல சுத்தச் சொன்னா ஜோரா சுத்துறீங்க. லெஃப்ட்னா ஏங்க பேயறைஞ்ச மாதிரி முழிக்கிறீங்க? ஒரு காத்துக்குள்ள முதல்ல வந்தவங்க எந்தப் பக்கம் சுத்துறாங்களோ, பின்னால வர்றவங்களும் அந்தப் பக்கம்தான் சுத்தணும். பருந்தா இருந்தாலும் சரி. எதிர்ப்பக்கம் சுத்தினா மூஞ்சிக்கு மூஞ்சி மோதல்தான்."

பிறகு தணிந்து கணக்காகச் சொன்னார். வருகிற ஞாயிறு முகாமின் கடைசி நாள். மறுநாள் கிளைடரை டிரெய்லரில் ஏற்றி வடக்கே கொண்டுபோய்விடுவார்கள். அன்று நான் தனியாகத் தெற்கே இருக்கும் ஏரி வரை போய்த் திரும்ப வேண்டும். டேப்லெட்டில் குறைந்தது பத்து இடது வட்டமாவது பதிவாகியிருக்க வேண்டும். சிவப்பைத் தொடக் கூடாது. ரேடியோவில் வழி கேட்கக் கூடாது. இத்தனையும் நடந்தால், இனிமேல் நான் எங்கே வேண்டுமானாலும் தனியாகத் தொலைதூரம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுவார். இல்லாவிட்டால் இல்லை. அந்தக் கையெழுத்து எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். நான் ராத்திரியில் அழுதேன்.

பயிற்சி எடுத்தே தீர்வது என்று, டேப்லெட்டை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு, காலையில் சித்திரை வீதிகளை இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தேன். இரண்டாவது சுற்றில் பூக்காரம்மா கையை ஆட்டி மறித்தாள்.

"யக்கா! எந்தப் பக்கமாப் போறீங்க? வீட்ல யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை. பிராக்டீஸ் பண்றேன்."

"இதுக்கெல்லாமாக்கா பிராக்டீஸு!" என்று அவள் வாயில் கையை வைத்தாள்.

நான் வீடு திரும்புவதற்குள் இரண்டு பேர் துக்கம் விசாரிக்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தது மாமியார்தான்.

"போனது யாருன்னு என்னையே கேக்கறா! என்னைத்தான் நினைச்சுண்டு வந்திருக்கா!" என்று அவர் குதித்தார். வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

சரி, கோயில் வேண்டாம், ரவுண்டானா போதும் என்று திருச்சிக்குள் போனேன். அப்போதுதான் உறைத்தது. இந்த நாட்டில் ரவுண்டானாவும் வலம்தான் வருகிறது. எதிர்ப்பக்கம் திரும்பிய என்னை டிராஃபிக் போலீஸ்காரர் ஓரங்கட்டி, "ஏம்மா, படிச்சவங்கதானே?" என்றார். என்ன வேலை என்று கேட்டபோது டீச்சர் என்று மட்டும் சொன்னேன். என்ன பாடம் என்று அவர் கேட்கவில்லை, பிழைத்தேன்.

கடைசியில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிதான் கதி. டேப்லெட்டை மார்பில் அணைத்துக்கொண்டு அதை இடப்பக்கமாகச் சுற்றினேன். மாமியார் கீழிருந்து குரல் கொடுப்பார்.

"எத்தனை ஆச்சு?"

"நாற்பது."

"அப்போ நாற்பது வலம் வந்து கழிச்சுட்டுக் கீழ இறங்கு."

தலை கிறுகிறுத்து, படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவேன்.

ஞாயிறு வந்தது. கணவர் வீட்டில் அம்மாவுக்குப் போனைக் கொடுத்துவிட்டு அங்கேயே இருந்துவிட்டார். மூன்று மணிக்குக் கிளைடரில் மேலே போனேன். ஏரிவரை சுலபமாகப் போயாயிற்று. எனக்கு முன்னால் யாரும் சுற்றாத காற்றாகவே கிடைத்துக்கொண்டிருந்தது, நானும் வலமாகவே சுற்றி ஒப்பேற்றினேன். ஏரியைத் தாண்டித் திரும்பும்போது உயரம் மளமளவென்று குறைந்தது. டேப்லெட் சோகமாக முனகியது. அப்போது எதிரே ஒரு பறவை வட்டமடிப்பதைப் பார்த்தேன். வெள்ளைத் தலை, செம்பட்டை உடம்பு. சாட்சாத் கருடன்.

இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பெருமாளைச் சுமக்கிறவரே இடப்பக்கம் சுற்றினால் நான் யார் ஆட்சேபிக்க? ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஸ்டிக்கை இடதுபக்கம் சாய்த்தேன். டேப்லெட் பீப் பீப் என்று கூவ, கிளைடர் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணினேன். ஆறாவது சுற்றில் வரைபடம் மறைந்தது. அதன் இடத்தில் நாற்பது மாமிகள் தெரிந்தார்கள்.

மணி நாலு. தானாகத் திறந்துவிட்டது. கணவரும் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன்.

"யாரது, கறுப்புக் கண்ணாடி போட்டுண்டு?"

"அவாத்து மாட்டுப்பொண்ணுன்னா! பின்னாடி என்ன இத்தனை வெளிச்சம்?"

"ஏண்டி, எங்க இருக்க?" இது மாமியார்.

"மேல இருக்கேம்மா."

"மொட்டை மாடியிலயா?"

"அதுக்கும் மேல. ஏழு!"

"என்ன ஏழு?"

"சுத்தும்மா. இடப்பக்கமா."

நாற்பது பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அவசரமாகக் கருடன் விஷயத்தைச் சொன்னேன். அவ்வளவுதான், வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கருடனே சுற்றினால் தோஷமில்லை என்று ஒரு மாமி. பெருமாளை முதுகில் ஏளப்பண்ணிண்டு வரும்போதுதான் நியமம், வெறுமனே வரும்போது அவர் எப்படி வேண்டுமானாலும் சுற்றலாம் என்று இன்னொரு மாமி. எங்களுக்கும் காட்டேன், சேவிச்சுக்கறோம் என்று மற்ற எல்லோரும். நான் பன்னிரண்டு எண்ணி முடித்து, மாமிகளைத் தள்ளிவிட்டு வரைபடத்தைக் கொண்டுவர விரலை நீட்டினேன். திரை மங்கி, மங்கி, கறுப்பாகிவிட்டது.

வெயிலும் பஞ்சு உறையும் சேர்ந்து டேப்லெட்டை வேகவைத்துவிட்டன. படம் போய்விட்டது. குரல் மட்டும் போகவில்லை.

பன்னிரண்டு சுற்றுச் சுற்றியவளுக்கு எது எந்தத் திசை என்று சுத்தமாகத் தெரியவில்லை. கீழே எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பொட்டல், ஒரே மாதிரி கருவேலங்காடு. ரேடியோ பட்டனில் கட்டை விரலை வைத்தேன். அழுத்தினால் பயிற்சியாளர் வழி சொல்லிவிடுவார், கையெழுத்து போய்விடும். அழுத்தாமல் குத்துமதிப்பாகப் போனால் சிவப்புக்குள் நுழைந்தாலும் நுழைந்துவிடுவேன்.

"அம்மா, வழி தெரியலைம்மா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

நாற்பது பேரும் ஒரே நேரத்தில் வழி சொன்னார்கள். தெற்கு வாசல் வந்து நேரே போ என்றுகூட ஒரு குரல் கேட்டது. வகுப்பு நடத்தும் மாமிக்குப் பொறுமை போய்விட்டது.

"எல்லாரும் செத்த சும்மா இருங்கோ! அம்மாடி, வெயில் எந்தக் கன்னத்துல அடிக்கறது?"

"வலது கன்னத்துல, மாமி."

"எங்க போகணும்?"

"வடக்கே."

"தெற்கே பாத்துண்டு நின்னா எப்படி வடக்கே போவ? சாயங்காலம் மேலச் சித்திரை வீதியில வலம் வரச்சே எந்தக் கன்னம் சுடும்?"

"இடது."

"அந்தக் கன்னத்தைப் பிடிச்சுண்டு நேரே போ. நாங்க பாடத்தை ஆரம்பிக்கணும்."

பதினெட்டு வருஷம் பூகோளம் நடத்தியவளுக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட நேரமில்லை. திரும்பினேன். இடது கன்னம் சுட்டது. வலது கைப்பக்கம் பெருமாள் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் மாமிகளின் சத்தமும் அறுந்து போயிற்று. ஏழெட்டு நிமிஷத்தில் ஓடுதளம் மூக்குக்கு நேரே வந்தது. சிவப்பு எல்லை இன்னும் தூரத்தில்தான் இருந்தது.

பயிற்சியாளர் டேப்லெட்டை ஈரத்துணியில் ஆறவைத்து, திறந்து பார்த்தார். திரை கறுத்தாலும் கோடு மட்டும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. பன்னிரண்டு இடது வட்டம், அப்புறம் ஒரே நேர்க்கோடு.

"மாஷா அல்லாஹ்! மேப்பும் இல்லாம, ரேடியோலயும் கேக்காம, எப்படி வந்தீங்க?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "நாற்பது மாமிங்ககிட்ட கேட்டேன் சார்" என்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரேடியோல கேக்கக் கூடாதுன்னுதானே சொன்னேன். மாமிங்களைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே" என்று கையெழுத்துப் போட்டார்.

வீட்டு வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். முதலில் டேப்லெட்டை வாங்கி உறையைத் தடவிப் பார்த்தார். "பன்னெண்டு. காத்தால கழிச்சுடணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் விடிந்ததும் அவரே ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார். செயலியை ஓடவிட்டு டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டார். சித்திரை வீதிகளை வலமாகப் பன்னிரண்டு சுற்று. "இப்பத்தான்க்கா சரியாப் போறீங்க" என்று பூக்காரம்மா சிரித்தாள். ஒன்பதாவது சுற்றில் மாமியார் என் தோளை இறுக்கப் பிடித்தார்.

"நேத்து உன் குரல் நின்னுபோச்சே, நீ இறங்கிட்டேன்னு போன் வர வரைக்கும் எனக்கு உயிரே இல்லைடி."

வழக்கமாகத் திரும்பும் இடத்தில் திரும்ப மறந்துவிட்டேன், அவர்தான் முதுகில் தட்டித் திருப்பினார்.

சுற்றி முடித்துக் கிழக்கு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவர் டேப்லெட்டை நீட்டினார். "என்ன போட்டிருக்குன்னு பாரு."

பார்த்தேன். "பன்னெண்டு வட்டம் சுத்தியிருக்கோமாம். ஆனா ஒரு அடிகூட மேல ஏறலைன்னு போட்டிருக்கும்மா."

மாமியார் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டேப்லெட்டை உறைக்குள் தள்ளி மூடினார்.

"இதுக்கு என்ன தெரியும்?" என்றார்.