மாமனாரின் கிருத்திகை

மாமனாரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பெங்களூரு மார்கழியில் நாங்களெல்லாம் ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருக்க, மனிதர் வியர்வையில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "யாரும்மா நீங்க?" என்றார். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிய அந்தக் கைகள் டம்ளரைப் பிடிக்க முடியாமல் ஆடின. சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி, அவர் என் பெயரைச் சொல்லும்வரை எனக்கு உயிரே இல்லை.

தொம்மலூரில் எங்கள் டாக்டரம்மா சர்க்கரையைச் சோதித்துவிட்டு, "நான் குடுத்த புது மாத்திரை போட்டீங்க சரி, ஊட்டா ஆய்தா தாத்தா? சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். நான் வைத்துவிட்டுப் போன இட்லி தெருநாய்க்குப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் சொன்னார். மகன் நன்றாக இருக்க வேண்டுமென்று மாமியார் மாதாமாதம் முருகனுக்குக் கிருத்திகை விரதம் இருப்பார். அவர் போனபிறகு இவர் சத்தமில்லாமல் அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"பாதியில விட்டுட்டுப் போயிட்டா. யாராவது இருக்கணும் இல்ல?"

"அப்ப அந்தப் புது மாத்திரைய மட்டும் ஏன் மாமா போட்டீங்க?"

"ஒரு வேளைகூட விடக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்ன."

இதற்கு மேல் என்னத்தைத் திட்டுவது?

"இனிமே நான் இருக்கேன். நீங்க சாப்பிடுங்க" என்றேன், பத்து மணிக்கே பசியில் எரிந்து விழுகிற நான். மகனிடம் மட்டும் சொல்லக் கூடாது என்றார். அடுத்த கிருத்திகையன்று என் கண்ணில் படாமல் அடுப்படி மூலையில் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். சாயங்காலம் வரை "மயக்கம் வருதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இருந்தவரைக்கும் எல்லாக் கிருத்திகையிலும் கேட்டார். என்னைப் பெற்ற அப்பாகூட என் பசியை அப்படி விசாரித்ததில்லை.

இப்போது அவர் இல்லை. எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. பட்டினி கிடக்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் விரதத்தை டயட் என்று இத்தனை நாள் கிண்டலடித்த கணவரிடம், போன கிருத்திகையன்று காலை எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்காக அம்மா இருந்தது, அப்பா இருந்தது, நான் இருந்தது.  அவர் என் தட்டில் இட்லியை வைத்தார். சட்னியை ஊற்றினார். தன் தட்டைக் கவிழ்த்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.