பத்துப் பேருக்கு ஒரு குதிரை

பந்தயக் குதிரை வைத்திருப்பதை ஒரு தொழில் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்; ஆனால் பத்துப் பேர் சேர்ந்து வாங்கிய குதிரைக்குச் செயலாளராக இருந்து பாருங்கள், வேறு தொழில் பார்க்க நேரம் இருக்காது. குடியிருப்போர் சங்கம், கோயில் கமிட்டி என்று எதிலாவது செயலாளராக மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

பெயர் வைத்தது

அம்பத்தூர் எஸ்டேட்டில் அச்சும் கருவியும் செய்யும் ஒரு டூல் ரூமில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பக்கத்துப் பாடியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் வைத்திருக்கும் தேவராஜ்தான் குதிரை யோசனையைக் கொண்டுவந்தான். தனியாக வாங்க எங்களில் யாராலும் முடியாது; பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். ஒன்பது பேர் தொழிற்பேட்டைக்காரர்கள். பத்தாவது ஆள், பூந்தமல்லி அடுக்குமாடியில் இருந்த ஐ.டி.க்காரர் பிரசாந்த். அதிகம் பேசாதவன், சண்டைக்குப் போக மாட்டான் என்று என்னைச் செயலாளராக்கினார்கள்.

மூன்று வயதுக் குதிரை. பழுப்பு நிறம், நெற்றியில் விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை. எங்களில் பெரும்பாலோர் ஆலையின் காலைச் சங்குக்கு ஓடிப் பழகியவர்கள் என்பதால் ‘மார்னிங் சைரன்’ என்று பெயர் வைத்தோம். கிண்டி லாயத்தில் அதைப் பார்த்துக்கொண்ட மஸ்தான் பாயிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “சங்கு ஊதுனா வேகமா ஓடுறது உள்ள போவும்போதா, வெளிய வரும்போதா அண்ணாத்தே?”

மௌனத்துக்கு ஒரு சட்டம்

செயலாளர் வேலை என்பது கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. லாடத்தை மாற்றலாமா, இந்த வாரம் ஓடவிடலாமா என்று வாட்ஸாப் குழுவில் போடுவேன். எட்டுப் பேர் படித்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். ஒருவர் காலை வணக்கம் என்று ரோஜாப்பூ அனுப்புவார். ஒருமுறை பதில் சேர்வதற்குள் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் கெடுவே போய்விட்டது.

அதனால் நானே ஒரு விதி எழுதினேன். மறுநாள் நண்பகலுக்குள் பதில் சொல்லாதவர் சம்மதித்ததாகக் கொள்ளப்படும். எண் போட்டு, தேதி போட்டு அனுப்பினேன். மற்ற ஒன்பது பேரும் கட்டைவிரல் காட்டினார்கள். மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் பார்த்த தேவராஜ் சிரித்தான்: “இன்னா நைனா, வாயே தொறக்காத ஆளு நீ. பேசாதவன மாட்டி வுட நீயே சட்டம் போடுறியா?”

கயிறு பிடித்த நாள்

குதிரை வாங்கியதை என் மனைவி கமலாவிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். “எப்பப் பாக்கப் போலாம்?” என்றாள்.

நான்காவது ஓட்டத்தில் சைரன் ஜெயித்தான். அரைக் குதிரை நீள வித்தியாசம். ஜெயித்த குதிரையை உரிமையாளர் கயிறு பிடித்து உள்ளே கூட்டி வருவது வழக்கம். பத்துப் பேரும் கை நீட்டினார்கள். செயலாளருக்குத்தான் உரிமை என்று தேவராஜ் மற்றவர்களைத் தள்ளிவிட, நான் கமலாவை முன்னால் விட்டேன். வியர்த்து நுரை தள்ளிக்கொண்டிருந்த குதிரை, அவள் தோளில் முகத்தைத் தேய்த்தது. பட்டுப்புடவை வீணாயிற்று. அவள் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பக்கத்தில் நடந்த மஸ்தான் பாய் மெதுவாகச் சொன்னார்: “இழுக்காதீங்கம்மா, சும்மா புடிச்சிகினு வாங்க. அதுவே உங்கள இட்டுகினு போவும்.”

டீக்கடை விசாரணை

பிறகு எட்டு ஓட்டம். ஐந்தாவதாக வந்தான், ஏழாவதாக வந்தான், ஒன்பதாவதாக வந்தான், அப்புறம் நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். கமலா மட்டும் ஒவ்வொன்றுக்கும் வந்தாள், கடைசியாக வந்தாலும் கை தட்டினாள். எஸ்டேட் டீக்கடையில் எனக்குத் தனி மரியாதை. டம்ளரை நீட்டும்போதே கடைக்காரர் கேட்பார்: “போன வாரம் ஓடுனது வந்து சேந்துச்சா சார், இன்னும் ஓடிகினுதான் கீதா?”

முன்னங்கால்

அடுத்த ஓட்டத்தில் பாதி வழியில் சைரன் நொண்டினான். இடது முன்னங்காலில் தசைநார் கிழிந்துவிட்டது. நடக்கலாம், இனிப் பந்தயத்தில் ஓட முடியாது என்றார் டாக்டர். அது விதையடித்த குதிரை, இனப்பெருக்கத்துக்கும் ஆகாது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று குழுவில் பேச்சு வந்தது.

அந்த மாதம்தான் கமலாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. முதல் ஊசி போடுவதற்கு முன்னால் குதிரையைப் பார்க்க வேண்டும் என்றாள். லாயத்தில் குந்தி உட்கார்ந்து, அந்தக் காலில் ஈரத்துணி சுற்றினாள். துணி சீக்கிரமே சூடாயிற்று. நனைத்து நனைத்துச் சுற்றினாள். குதிரை அசையாமல் நின்றது. எழுந்திருக்க நான் கை கொடுத்தபோது, “யாருக்குக் கொடுத்தாலும் நீங்க நேர்ல போய், ஆளைப் பாத்துட்டுக் கொடுங்க” என்றாள். சரி என்றேன். மஸ்தான் பாய் புல்லை உதறிப் போட்டபடி சொன்னார்: “காலுதான் போச்சும்மா. வயிறு அப்டியேதான் கீது. அதான் இனிமே பிரச்சினை.”

ஆறுக்கு நான்கு

மருத்துவமனைக்கு அலையத் தொடங்கியதும் கையெழுத்துப் பொறுப்பைப் பிரசாந்திடம் கொடுத்திருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை கமலாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பதற்றத்தில் செல்போனை வீட்டில் சார்ஜில் விட்டுவிட்டு ஓடினேன். இரண்டு நாள் வீட்டுக்கே போகவில்லை.

போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு தரகர் குதிரையை எடுத்துக்கொள்ளத் தயார் என்று பிரசாந்த் குழுவில் கேட்டிருக்கிறார். ஐந்து பேர் சரி என்றார்கள். நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். அந்த நான்கில் தேவராஜும் ஒருவன். என்னுடையது பத்தாவது. ‘வேண்டாம்’ என்று நான் ஒரு சொல் அடித்திருந்தால் ஐந்துக்கு ஐந்து, பெரும்பான்மை இல்லை. குதிரை லாயத்திலேயே நின்றிருக்கும். புதன் நண்பகல் தாண்டியதும் என் மௌனத்தைச் சம்மதத்தில் சேர்த்துவிட்டார்கள். மாலையே லாரி வந்துவிட்டது.

பிரசாந்த் மேல் கோபப்பட முடியவில்லை. தொலைபேசியில் அவர் குரலே உடைந்திருந்தது: “நாலு தடவ கூப்பிட்டேன் சார், நீங்க எடுக்கல. நீங்க எழுதின ரூல்தானேன்னு யெஸ் போட்டுட்டேன்.”

சொன்ன பொய்

கமலா கண் விழித்து இரண்டு வாரம் இருந்தாள். ஒருநாள், “சைரன் எங்க இருக்கான்?” என்று கேட்டாள்.

செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒருவர் வாங்கியிருக்கிறார், புல்லுக்குப் பஞ்சமில்லை என்றேன். அங்கே இப்போது புல்லை விடக் கிடங்குகள்தான் அதிகம் என்று அவளுக்கும் தெரியும்.

“ஆளைப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“எப்படி இருந்தார்?”

முப்பத்தாறு வருஷத்தில் அவளிடம் இவ்வளவு நீளமாக நான் பேசியது கிடையாது. வயது ஐம்பது இருக்கும், நரைத்த மீசை, குதிரையின் காலைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார், மனைவிக்கும் குதிரை பிடிக்குமாம் என்று இல்லாத ஒரு மனிதரை உண்டாக்கிக்கொண்டே போனேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தாள்: “போதும், மூச்சு வாங்குது பாருங்க உங்களுக்கு.”

தேடிப் போனது

கமலாவின் காரியம் முடிந்த பிறகு தேவராஜ் பைக்கை எடுத்துக்கொண்டு வந்தான். “ஏறு நைனா” என்றான். தரகரைப் பிடித்தோம். அவர் பூந்தமல்லியில் ஒருவரைக் காட்டினார். அந்த ஆள் ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டையில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவரைக் காட்டினார்.

தகரக் கொட்டகையில் மூன்று குதிரைகள் நின்றன. மூன்றும் வெள்ளை. செல்போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கமலா கயிறு பிடித்திருந்த படம். கொட்டகைக்காரர் உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். ஆமாம், வந்தது, பதினொரு நாள் இங்கேதான் நின்றது, சாதுவான குதிரை என்றார். பிறகு இன்னொரு வண்டிக்காரர் வந்து ஏற்றிப் போனாராம். எந்த ஊர், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தேவராஜ் அவரிடம் குரலை உயர்த்தினான். நான் அவன் கையைப் பிடித்தேன். கேட்காமல் விட்டவர்களின் வரிசையில் அவர் கடைசி ஆள், அவ்வளவுதான்.

நாங்கள் வண்டியைக் கிளப்பும்போது அவரே வாசல் வரை வந்தார். அவர் சொன்னதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை: “வெள்ளையா இருந்திருந்தா நானே வெச்சிகினு இருப்பேன் சார். பழுப்புல எந்த மாப்ள ஏறுவான்?”

பத்தில் ஒரு பங்குக்காரனுக்கு ஜெயித்த குதிரையில் பத்தில் ஒன்றுதான் வருகிறது. தொலைந்த குதிரை மட்டும் முழுசாக வந்து சேருகிறது.