தட்டை வழித்தது யார்?

அடுத்த அறையில் யாரோ கரண்டியால் தட்டை வழிக்கிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில் பாத்திரங்களை மூடிக்கொண்டிருந்தவளின் கை நின்றது. நோயாளி சோற்றை அளைவார், ஓரமாகத் தள்ளுவார், மூடி வைப்பார், வழிக்க மாட்டார். பெண்கள் வார்டில் இவ்வளவு பசி யாருக்கு வந்தது?

இந்த ஆஸ்பத்திரியில் சாப்பாடு போடுகிறவளுக்கு நோயாளிகள் வைத்த பெயர் சி.ஐ.டி. அக்கா. அது அவளுக்கும் தெரியும்; கோபமில்லை, கொஞ்சம் பெருமைதான். கனத்த உடம்பு, ஆனால் பூனை நடை. தட்டை வைத்துவிட்டுப் போகிறவள் போலப் போய்த் தூணுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் தலையணையைத் தூக்கிப் பார்த்துவிடுவாள். "வயித்துக்குள்ள போனாத்தான் சாப்பாடு. பைக்குள்ள போனா பார்சல்" என்பாள். பார்க்க வருகிற சொந்தபந்தம் யாரையும் நம்புவதில்லை. அதிலும் சாப்பாட்டு நேரம் பார்த்து வருகிறவர்களை அறவே நம்புவதில்லை.

ஜன்னலோரக் கட்டில்காரி மேல் சில நாட்களாகவே அவளுக்கு ஒரு கண். அந்தப் பெண்ணுக்கு வயிற்றில் ஆபரேஷன். உடம்பில் கொஞ்சம் சதை பிடித்தால்தான் தாங்கும், அதுவரை கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தட்டு என்னவோ கழுவி வைத்தது போலத்தான் திரும்பி வருகிறது. வளையலோ முழங்கை வரை ஏறுகிறது.

அக்கா சத்தமில்லாமல் போய்க் கட்டிலருகே நின்றாள். கரண்டி நோயாளியின் கையில் இருந்தது. மூட்டை தூக்கிப் பிழைத்த அவள் புருஷன் ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவை அப்படி ஒரு அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு சாப்ட்டது?"

"நாந்தான்க்கா."

"நாக்க நீட்டு."

நாக்கு வறண்டு வெளுத்திருந்தது; குழம்பின் நிறமே இல்லை.

"தம்பி, இப்ப நீ நீட்டு."

அவன் திரும்பவில்லை. தோள்கள் மட்டும் குறுகின.

"அவரக் கேக்காதீங்கக்கா. நாந்தான் திணிச்சேன். என்னால அவரு வேலையும் போச்சு. வெறும் வயித்தோட ஒரு மனுசன் என் வாயையே பாத்துட்டு உக்காந்திருந்தா, எனக்கு எப்படி எறங்கும்?"

"நல்லாருக்குடி ஒன் பாசம். நீ போய்ச் சேந்துட்டா இவருக்கு யாரு ஊட்டுவா?"

அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேல சொல்லிடாதீங்க. பாக்க வர்ற பாஸைப் புடுங்கிடுவாங்க. அப்புறம் இவர உள்ளயே விட மாட்டாங்க."

அக்கா தன் அறைக்குப் போனாள். தனக்கென்று மூடி வைத்திருந்த தட்டோடு வந்தாள். புருஷனின் கண் அந்தத் தட்டோடு கூடவே நடந்தது. அக்கா அதையும் பார்த்துவிட்டு, தட்டை அந்தப் பெண்ணின் மடியில் வைத்தாள்.

"கெளம்பு தம்பி. நாளைக்கு வந்ததும் நேரா என் ரூமுக்கு வா. பாத்திரம் தேய்க்க ஆள் இல்லாம நானே சாகுறேன். தேய்ச்சுட்டு அங்கயே சாப்பிடு. நீ ஏப்பம் விடுறது என் காதுல விழுந்தாத்தான் இவகிட்ட விடுவேன்."

அவன் தலையசைத்துப் பையை எடுத்தான்.

"பையத் தொற."

"ஒண்ணுமில்லக்கா."

தண்ணீர் பாட்டிலும் ஒரு பழைய சட்டையும் இருந்தன. அக்கா சட்டையை உதறிப் பார்த்த பிறகே வழிவிட்டாள்.

வாசலில் நின்று மனைவியை ஒரு முறை பார்த்துவிட்டு அவன் வெளியேறினான். அக்கா கதவைச் சாத்தினாள். அவன் திரும்பி வந்துவிடாதபடி அதன்மேல் முதுகை அழுத்திக்கொண்டு, முதல் கவளம் அந்தப் பெண்ணின் தொண்டையில் இறங்குகிறதா என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.