துக்க வீட்டில் லெமன் பஃப்

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் லெமன் பஃப் பிஸ்கற் கொண்டுவருவதில்லை. அப்படியொரு சட்டம் எங்கும் இல்லை. ஆனாலும் போன வருடம் என் கணவர் இறந்தபிறகு எங்கள் வீட்டுக்கு வந்த பைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், எல்லாவற்றிலும் சீனியும் தேயிலையும், கூடவே மாரி பிஸ்கற்றோ கிறீம் கிறாக்கரோதான் இருந்தன. கிறீம் கிறாக்கருக்குப் பெயரில் மட்டும்தான் கிறீம். துக்கத்தில் இருக்கிறவளின் நாக்குக்கு ருசி ஏதும் தட்டுப்பட்டுவிடக் கூடாது என்று ஊரே கூடிப் பேசி முடிவெடுத்த மாதிரி இருந்தது. ஒரு கிழமைக்குள் குசினி அலுமாரியில் வேறெதுவும் வைக்க இடமில்லாமல் போய்விட்டது.

மாரி பிஸ்கற்றைப் பற்றி எனக்கு என்றைக்குமே நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. தேநீரில் தோய்த்தால் கோப்பைக்குள் உடைந்து விழும். தோய்க்காவிட்டால் தொண்டைக்குள் நிற்கும்.

லெமன் பஃப் வேறு சாதி. மேலே சீனி மினுங்கும். கடித்தால் பொருபொருவென்று அடுக்கடுக்காக உதிரும். உப்பு தெரிகிறதற்குள் நடுவிலிருக்கும் தேசிக்காய்ப் புளிப்பு வந்துவிடும், அந்தப் புளிப்பு அடங்குவதற்காக மேலே உள்ள சீனி இன்னொரு தடவை வேண்டும். அதற்கு இன்னொன்றை எடுக்க வேண்டும். இது எங்கே முடியும்? என் கணவர் துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலை செய்தவர். வேலை முடிந்து வரும்போது சைக்கிள் கைப்பிடியில் ஒரு லெமன் பஃப் பக்கெற் தொங்கும். பிள்ளைகள் இல்லாத வீடு, நாங்கள் இரண்டு பேரும்தான். அந்தப் பக்கெற் எப்படியும் இரண்டு நாளைக்கு வரும்.

அவருடைய தங்கை, என் மச்சாள், சல்லிக் கிராமத்திலிருந்து வந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை என்னோடு நின்றார். வயதில் என்னைவிட இளையவர், ஆனாலும் எனக்கு அவரில் ஒரு பயம் உண்டு. விடிய எழும்பி முற்றம் கூட்டி, சைவச் சமையல் முடித்து, வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றி, இடையிடையே அண்ணனை நினைத்து வாய்விட்டு அழுது, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் அடுப்படிக்குப் போவார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒழுங்கில்லாமல் இருந்தது நான்தான். எனக்கு அழுகை வரவில்லை.

வருகிற பெண்கள் முதலில் கேட்பது, "சாப்பிட்டிங்களோ?" என்று. அந்தக் கேள்விக்குத் துக்க வீட்டில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. இல்லை என்று தலையாட்ட வேண்டும். நான் ஒருநாள் "ஓம், சாப்பிட்டனான்" என்று சொல்லிவிட்டேன். கேட்டவர் அடுத்த கேள்வியை மறந்துபோய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பேர் கதைத்ததும் என் காதில் விழுந்தது.

"மனுசி ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை, கவனிச்சனீங்களே?"

கோபம் வந்தது. ஆனால் அன்று இரவெல்லாம் அந்தச் சொல் என்னை அரித்துத் தின்றது. உண்மையாகவே எனக்கு மனம் இல்லையோ? இத்தனை வருடம் வாழ்ந்த வாழ்க்கை வெறும் பழக்கம்தானோ? அதைவிடப் பெரிய பயம், மச்சாளும் அப்படித்தான் நினைக்கிறாரோ என்பது.

இந்த லட்சணத்தில் எனக்கு லெமன் பஃப் ஆசை வந்தது. ஓய்வூதிய அலுவலாக அரசாங்கக் கச்சேரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், வரும் வழியில் மூதூர்ப் படகு வெளிக்கிடும் பக்கமாக, என்னைத் தெரியாத கடையொன்றில் ஒரு பக்கெற் வாங்கினேன். கைப்பைக்குள் அதை ஒளித்துக்கொண்டு வந்து, மச்சாள் குசினிக்குள் நிற்கும் நேரமாகப் பார்த்து அறைக் கதவைச் சாத்தினேன். ஒன்று மட்டும் என்றுதான் பிரித்தேன். கடைசியில் உறையின் அடியில் கிடந்த துகளையும் விரலால் தொட்டுத் தின்றுவிட்டுக் கட்டிலில் இருந்தேன். வெட்கமாக இருந்தது. அடுத்தநாள் திரும்பவும் கச்சேரி அலுவல் வந்தது. அதற்கடுத்தநாளும் வந்தது. அரசாங்க அலுவல் இழுபடுவது வழக்கம் என்பதால் மச்சாள் ஒன்றும் கேட்கவில்லை. பக்கெற் இரண்டு நாளைக்கு வருவதெல்லாம் பழங்கதையாகிவிட்டது. பிரித்தால் முடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

உறைகளை உடுப்பு அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். எறும்பு வந்துவிட்டது. அதனால் குப்பை எடுக்கும் நாளில் எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்து முடிந்து, வாசலில் வைத்தேன். எங்கள் ஊர்த் தெருவில் மான்கள் திரியும். குப்பைப் பையை நிலத்தில் வைத்தால் கிழித்துக் கிளறிவிடும், கேற்றின் உச்சியில்தான் கொழுவ வேண்டும். அதெல்லாம் அவருடைய வேலையாக இருந்தது. நான் நிலத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மச்சாளின் சத்தம் கேட்டுத்தான் வெளியே ஓடினேன். வாசல் முழுக்க மஞ்சள் உறைகள். இரண்டு மான்கள் நின்று ஆறுதலாக ஒன்றை நக்கிக்கொண்டிருந்தன. மச்சாளின் கையில் விளக்குமாறு.

"இஞ்ச வந்து பாருங்கோ மச்சாள்! செத்தவீடு எண்டும் பாராமல் தங்கட குப்பையைக் கொண்டுவந்து எங்கட வாசலில போட்டிருக்குதுகள். முன்வீட்டுப் பெட்டையளின்ர வேலைதான் இது. இண்டைக்குக் கேக்காமல் விடமாட்டன்."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினார். விட்டிருக்கலாம். அந்தப் பிள்ளைகள் இல்லையென்று சத்தியம் செய்திருக்கும், மச்சாள் நம்பியிருக்க மாட்டார், நான் தப்பியிருப்பேன்.

"நில்லுங்கோ மச்சாள். அது என்ர."

"எது?"

"எல்லாம் என்ரதான்."

மச்சாள் உறைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மான்களைத் துரத்திவிட்டு, கேற்றைச் சாத்திக்கொண்டு கிட்ட வந்தார்.

"இவ்வளவையும் நீங்களே சாப்பிட்டனீங்கள்?"

"ஓம்."

ஏச்சு விழும் என்று நின்றேன். திருப்பிச் சொல்ல வாயில் ஆயத்தமும் இருந்தது. அவர் குரலைத் தாழ்த்தி, "பசிச்சால் என்னட்டைச் சொல்லியிருக்கலாமே," என்றார்.

"பசியில்லை. தொடங்கினால் நிப்பாட்ட ஏலாமல் கிடக்கு."

"அண்ணை இருக்கேக்குள்ளையும் இப்பிடியோ?"

"அவர் எங்க விட்டவர்? நாலைஞ்சு தின்னவுடன 'காணும், இனிப் போதும்' எண்டு பக்கெற்றை மடிச்சு அலுமாரிக்கு மேல வைச்சிடுவார். எனக்கு எட்டாது. அதுக்கு ஒவ்வொரு நாளும் சண்டை. இப்ப காணுமெண்டு சொல்ல..."

அவர் கேட்டதற்குப் பதிலாகத்தான் அதைச் சொல்லத் தொடங்கினேன். முடிக்கவில்லை. அப்படியே முற்றத்து மண்ணில் இருந்துவிட்டேன். எனக்குள் அவ்வளவு பெரிய சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். மச்சாள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தார். தானும் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை.

முன்வீட்டு அம்மா கேற்றைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து என் தோளைப் பிடித்தார். "காணும் பிள்ளை, காணும். அழாதேங்கோ."

மச்சாள் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"விடுங்கோ அக்கா. அவ இப்பதான் தொடங்கியிருக்கிறா."