ஒற்றை யானைக்கு முன்னால் நான் செய்த ஜெபம்

எங்கள் மகள் பிளெஸ்ஸி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது இரத்தப் புற்றுநோயில் இறந்துபோனாள். அதைச் சொல்லாமல் மற்றதை என்னால் சொல்ல முடியாது. இந்தச் சபையில் உங்களில் பலர் அவளுக்காக உபவாசம் இருந்தீர்கள். பெங்களூர் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து முழங்கால் போட்டீர்கள். நானும் கெஞ்சினேன். என் உயிரை எடுத்துக்கொள்ளும், பிள்ளையை விட்டுவிடும் என்றேன். அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்தபிறகு எனக்கு அழுகையே வரவில்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிட்டராக இருக்கிறேன். ஷிப்டுக்குப் போனேன், வந்தேன். என் மனைவி எஸ்தர் சோறு வைப்பாள், சாப்பிடுவேன். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டேன். அவளுக்கும் பிளெஸ்ஸிக்கும் ஒரே மூக்கு. ஆலயத்துக்குப் போவதை விட்டேன். பாஸ்டர் ஐயா வீட்டுக்கு வந்தால், நான் இல்லையென்று சொல்லச் சொன்னேன்.

தனியாக மலையில் நடப்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். லீவு சேர்ந்தால் முதுகில் பெரிய பை. அதில் சின்னக் கூடாரம், அடுப்பு, கொஞ்சம் அரிசி. காட்டுக்குள் நுழைய மாட்டேன். மலைக்கிராமத்து ஜனங்கள் ஊருக்கு ஊர் போகிற பாதையிலேயே நாள் கணக்கில் நடப்பேன். மான், மயில், காட்டுப்பன்றி எல்லாம் பார்த்திருக்கிறேன். ஒருமுறை கரடியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னபோது பிளெஸ்ஸி கேட்டாள்: "நீங்க கரடியப் பாத்தீங்களா, கரடி உங்களப் பாத்துச்சாப்பா?" அந்தக் கேள்வியைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம்.

அவள் போன அந்த வருஷம் மார்கழியில் பையை எடுத்தேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் எஸ்தர்.

"நடக்க."

"எப்ப வருவீங்க?"

பையை முதுகில் மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினேன். சாகப் போகவில்லை. ஆனால் திரும்பி வர வேண்டும் என்ற நினைப்பும் இல்லை.

தளியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். அஞ்செட்டிப் பக்கமாகப் போய்க் காவிரியைத் தொட்டுவிடலாம் என்று எண்ணம். கோஸ் தோட்டங்களும் ரோஜாப்பூ வளர்க்கிற பிளாஸ்டிக் கூடாரங்களும் முடிந்து, அறுவடையான ராகிக் கொல்லைகள் வந்தன. கர்நாடகக் காட்டிலிருந்து யானைகள் இறங்குகிற காலம் அது. நான் தங்கிய ஊரில் ஒரு விவசாயி காலையில் என் பையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணா, ஒத்த ஆனை ஒண்ணு சுத்திட்டிருக்குது. பனி போயி வெயில் ஏறட்டும், அப்பறம் போங்க."

எனக்குத் தெரியாததா? மற்றவர்களுக்கு நானே சொல்கிற புத்திதான் அது. தலையை ஆட்டிவிட்டுப் பனியிலேயே நடந்தேன்.

ஓடை திரும்புகிற இடத்தில் பாதை நடுவே யானை லத்தி கிடந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. நின்றேன். மூங்கில் புதருக்குப் பக்கத்தில் பாறை என்று நினைத்தது காதை விரித்தது. அவ்வளவு பக்கத்தில் நான் யானையைப் பார்த்ததில்லை. தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு சில அடி பாய்ந்து வந்து நின்றது. மண் அதிர்ந்தது.

எது வந்தாலும் வரட்டும் என்று கிளம்பியவன் நான். அந்த நிமிஷம் எஸ்தர் கண்ணுக்கு முன்னால் வந்தாள். அவள் வெறும் வீட்டில் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மாதக்கணக்கில் ஜெபத்துக்குத் திறக்காத வாய் தானாகத் திறந்தது.

"ஆண்டவரே, அவ ஒண்டியாயிடுவா. அவளுக்கு என்னையாவது விட்டு வைங்க."

யானை பிளிறிக்கொண்டு மறுபடி பாய்ந்தது. பையை உருவிப் பாதையில் போட்டுவிட்டுப் பக்கத்துச் சரிவில் உருண்டேன். கால் மடங்கியது. முள்ளுக்குள் கிடந்தபடி மேலே பார்த்தேன். அது பையை மிதித்தது, கிழித்தது, கூடாரத்துணியைத் தூக்கி வீசியது. பிறகு, நான் ஒருவன் அங்கே இருந்ததையே மறந்ததுபோல் மெதுவாக மேட்டில் ஏறிப் போய்விட்டது.

எழுந்திருக்கப் பார்த்தேன். கால் நிற்கவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. அப்போதுதான் அழுகை வந்தது. "பிளெஸ்ஸி, பிளெஸ்ஸி" என்று அந்த மலை முழுக்கக் கேட்கும்படி கதறினேன். அடக்கத்தின் அன்று அழ வேண்டிய அழுகை.

கொஞ்ச நேரத்தில் சரிவுக்குக் கீழே மாட்டு மணிச் சத்தம். கையில் கோலோடு ஒரு பெண்மணி.

"ஒப்பரே பந்த்ரா?" என்றார். தனியாகவா வந்தீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். பிறகு தமிழில், "ஆனை கத்துனதும் மாட்ட ஓட்டிக்கினு ஓடிடலாம்னு திரும்பிட்டேன். நீங்க அளுறது கேட்டுச்சு. மனசு ஒப்பல" என்றார்.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டே அவருடைய ஊர் போய்ச் சேர்ந்தேன். சூடாகக் களியும் கீரையும் கொடுத்தார். மாதேவம்மா என்று பேர். அவருடைய மகன் என்னைப் பைக்கில் ஏற்றி சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குக் கூட்டிப்போனார். எஸ்தருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, "நீ எனக்காக ஜெபம் பண்ணிட்டிருந்தியா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க," என்றாள். "எனக்கும் ஜெபமே வரதில்ல. உங்ககிட்ட சொல்லத்தான் பயமா இருந்துச்சு."

அவளும் என்னைப் போலவே கிடந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பாஸ்டர் ஐயா காரில் அவளைக் கூட்டிவந்தார். ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப்போட்டு வீடு திரும்பும் வழியெல்லாம் பின்சீட்டில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம். கெலமங்கலம் தாண்டி வண்டியை ஓரங்கட்டி ஐயாவும் அழுதார்.

பிளெஸ்ஸிக்காகக் கேட்டதை ஆண்டவர் ஏன் தரவில்லை? எனக்குத் தெரியாது. யாராவது காரணம் சொன்னால் இன்றைக்கும் கோபம் வரும். சில நாள் கம்பெனியில் மெஷினுக்குப் பின்னால் நின்று அழுகிறேன். ஆனால் ஓடைக்கரையில் நான் கேட்டதைக் கேட்டார். எஸ்தர் ஒண்டியாகவில்லை. அழத் தெரியாமல் இருந்தவனுக்கு அழுகையைக் கொடுத்து, அந்த அழுகையை வைத்தே ஒரு மனுஷியை என்னிடம் அனுப்பினார். அதற்காக என் ஆயுசு முழுக்க அவரைத் துதிப்பேன்.

இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் நாலைந்து பேர் வருகிறார்கள். எஸ்தர் டீ போடுவாள். பாட்டு வந்தால் பாடுவோம், வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்போம். உங்களுக்கு ஜெபிக்க வாய் வரவில்லையா? அப்படியே வாருங்கள். அழுகையையும் அவர் கேட்கிறார். நான் சாட்சி.