வத்தல் மண்டி மாதவன் ஏப்பம் விட்ட கதை

அருப்புக்கோட்டை வத்தல் மண்டி மாதவனுக்கு வயித்துல எப்பவும் அடுப்பு எரியும். மத்தியானம் நல்லா ஒரு கட்டு கட்டிட்டு, மிளகாய் மூட்டை மேலேயே சாஞ்சிருவாரு. எந்திரிச்சா நெஞ்சுல தீ. உடனே மாத்திரை. ஊர்ல யாரு மூஞ்சியச் சுளிச்சாலும், "உமக்கு ஆசிட்டுய்யா"ம்பாரு.

தொண்ணூத்தி மூணுல தங்கச்சி சுபத்ராவுக்கு மணிகண்டன் பொறந்தான். பாலக் குடிப்பான், கக்குவான், சிரிப்பான். மாதவனுக்குத்தான் தாங்கல.

"ஏத்தா, என்னைய மாதிரி இவனுக்கும் எரியுதே. பாவம், சொல்லத் தெரியல."

"எரியிற புள்ள சிரிக்குமாண்ணே?"

"வலியை மறைக்கான். நம்ம வம்சம்ல."

மதுரைக்கே போயி, ஒரு டாக்டரை நச்சரிச்சு, ஆசிட்டைக் குறைக்கிற சிரப்பு வாங்கிட்டு வந்துட்டாரு. கக்குறது நின்னாத்தான் மடியில வச்சுக் காது குத்துவேன்னும் சொல்லிட்டாரு. தாய்மாமன் மடி இல்லாம காதுகுத்து ஏது? திருச்சுழி கோயில்ல நாள் குறிச்சாச்சு. சுபத்ரா பதறிப்போனா.

சிரப்பு குடுத்தும் பயல் கக்குனான். மாதவன் கக்கல் பட்ட தன் சட்டையை மோந்து பாத்தாரு.

"புளிப்பு போயிருச்சுத்தா. பாலு மட்டும் பிடிவாதமா வருது."

சுபத்ரா ரெண்டு பேரையும் டவுனு டாக்டரம்மாகிட்ட இழுத்துட்டுப் போனா. அந்தம்மா பிள்ளையை நிறுத்துப் பாத்துச்சு. எடை ஜோரா ஏறியிருந்துச்சு.

"சிரப்பு புளிப்பைத்தான் குறைக்கும், பால் மேல வாரதை நிறுத்தாது. இவனுக்கு அது வேண்டாம். குடிச்சதும் தோள்ல நிமித்திப் போட்டு முதுகைத் தட்டுங்க. உக்காரப் பழகி, நடக்க ஆரம்பிச்சா தானா நின்னுரும்."

"நெஞ்செரிச்சலும் நின்னுருமாம்மா?" மாதவன் விடல. தொண்டைப் புளிப்பு, ராத்திரி எரிச்சல்னு ஒண்ணு விடாம ஒப்பிச்சாரு.

"இதெல்லாம் யாருக்கு?"

"எனக்கு."

"சாப்பிட்டதும் என்ன செய்வீக?"

"மூட்டையில சாய்வேன்."

"அப்ப உங்களைத்தான் தோள்ல போட்டுத் தட்டணும்."

அந்தம்மா கேலியாத்தான் சொல்லுச்சு. மாதவன் அதை வைத்தியமா எடுத்துக்கிட்டாரு. மறுநாள்ல இருந்து சாப்பாடு முடிஞ்சதும் மண்டித் தூணைப் பிடிச்சுக்கிட்டு விறைப்பா நிப்பாரு. லோடுமேன் சோலை முதுகைத் தட்டுவான். ஏப்பம் வர்ற வரைக்கும் ஏலம் நிக்கும். யாவாரிகளும் வாயைத் திறக்காமக் காத்துக்கெடப்பாக. நம்பவே மாட்டீங்க, எரிச்சல் நெசமாவே அடங்கிருச்சு.

காதுகுத்து அன்னைக்குப் பட்டுச் சட்டை போட்டு உக்காந்தாரு. மடிக்கு வந்ததும் மணிகண்டன் நெஞ்சு நெறையக் கக்கிட்டு, மாமனைப் பாத்துச் சிரிச்சான். எந்திரிச்சுப் போயிருவாரோன்னு சுபத்ராவுக்கு உசுரே இல்ல. மாதவன் பயல் மூஞ்சியையே பாத்தாரு.

"எரியலையா மாப்ள?"

பயல் இன்னும் சிரிச்சான்.

"குத்துங்க ஆசாரி."

குத்துனதும் பயல் வீல்னு அழுதான். மாமன் அதுக்கு மேல தேம்புனாரு. சுபத்ரா மகனைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே, இன்னொரு கையால அண்ணன் முதுகையும் தட்டுனா. ரெண்டு ஏப்பமும் ஒண்ணா வந்துச்சு.