பால் வைத்து ஒட்டிய டிராகன்

என் கைக்கு எந்த வேலையும் பணியும். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். இலங்கையில், தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள் நான். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரம் புண்ணாகிவிடும். என் மரங்களில் அப்படி ஒரு புண் காட்ட முடியாது. அதனால் குவைத்தில் ஒரு கடையில் வேலை பார்க்கும் என் தம்பி, என் மகள் கட்டி விளையாட அனுப்பிய டிராகன் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பிளாஸ்டிக் கட்டைகளைப் பாயில் கொட்டியபோது எனக்கு மலைப்பே வரவில்லை. ஏழு வயது மகளுக்கும் வரவில்லை. என் பிள்ளைதானே.

அன்று மழை, பால்வெட்டு இல்லை. பெட்டியோடு வந்த புத்தகத்தில் எழுத்தே கிடையாது, எல்லாம் படம். எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. அவள் படத்தைப் பார்த்துக் கட்டையைத் தேடிக் கொடுப்பாள், நான் 'டக்'கென்று அழுத்துவேன். கால் வந்தது, வால் வந்தது, மாலைக்குள் சிவப்பு இறக்கையும் விரிந்தது. அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, கபரகொயாவுக்கு இறக்கை முளைத்திருக்கிறது என்று சிரித்தாள். ஓடைக்கரையில் ஊரும் அந்தக் கபரகொயா உடும்பு எங்கே, எங்கள் டிராகன் எங்கே! பொறாமை என்று விட்டுவிட்டேன்.

மகளோ அதைச் சும்மா விடவில்லை. காலையில் பிரிப்பாள், சாயங்காலம் கட்டுவாள். ஒரு நாள் அதற்கு மூன்று கால், ஒரு நாள் தலையே வாலில். தம்பி லீவில் வருகிறான் என்று செய்தி வந்ததும் எனக்குக் கை பரபரத்தது. வெளிநாட்டுச் சாமான் என்றால் எங்கள் லயத்து வீடுகளில் கண்ணாடி அலுமாரிக்குள்தான் இருக்கும். வருகிறவர்கள் பார்க்க வேண்டும், வாங்கி அனுப்பியவன் முதலில் பார்க்க வேண்டும். மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், கொஞ்சம் ரப்பர் பாலை ஈர்க்குச்சியில் தொட்டு ஒவ்வொரு பொருத்திலும் தடவினேன். கிழிந்த பையானாலும் ஓட்டைக் குடையானாலும் எங்களுக்குப் பால்தான் பசை. காய்ந்ததும் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அலுமாரியில் ஏற்றிப் பூட்டினேன்.

வந்து பார்த்தவள் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் அலுமாரி முன்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். என்ன குறை என்று அதட்டினேன். எனக்குக் கோபம் முந்திக்கொண்டு வரும்.

"மாமா வந்ததும் எல்லாத்தையும் பிரிச்சி, மாமாவோட சேர்ந்து முதல்லயிருந்து கட்டணும்னு இருந்தேம்மா. இனி எப்புடி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமனை அவள் போனில்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். அவனோடு சேர்ந்து செய்ய அவளிடம் இருந்தது இந்த ஒன்றுதான்.

மறுநாள் விடியலில் ரப்பர் மலையில் வேலை. கத்தி வைக்கும் முன் முதல்நாள் வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுப்பது எங்கள் வழக்கம். நுனியைப் பிடித்து இழுத்தால் நாடா மாதிரி முழுசாக வரும். இழுத்தபடியே சிரித்துவிட்டேன். பட்டையிலேயே இப்படி வருகிறது, வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் எவ்வளவு நேரம் பிடிக்கும்?

வீடு திரும்பியதும் அலுமாரியைத் திறந்து டிராகனை மகள் மடியில் வைத்தேன். நகத்தால் நுனியைக் கிளப்பிக் கொடுத்தேன், அவள் இழுத்தாள். அழுகை போய், யார் நீளமாக உரிக்கிறோம் என்று போட்டியாகிவிட்டது. அவள்தான் ஜெயித்தாள். இறக்கை கழன்றது, வால் கழன்றது, கட்டையெல்லாம் சுளகுக்கு வந்தது.

தம்பி வந்த அன்று அலுமாரித் தட்டு காலி. அவன் கண் அங்கேதான் போனது. நான் வாய் திறப்பதற்குள் மகள் சுளகைத் தூக்கிவந்து அவன் முன்னால் வைத்துவிட்டு, தலை தனக்கு, வால் மாமாவுக்கு என்று பிரித்துக் கொடுத்தாள். பயண உடுப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஒரு கட்டையை எடுத்து இன்னொன்றின்மேல் அழுத்தினான். அது பொருந்திய சத்தத்துக்கு அவன் முகம் மலர்ந்ததை நான் மறக்கவே மாட்டேன்.

"அக்கா, கடையில இந்தப் பொட்டியத்தான் தெனமும் அடுக்குறேன்," என்றான் தலை நிமிராமல். "உள்ள என்னா இருக்குன்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்."